பதுளை இரவுக் கோச்சியும் கல்யாணம் பேசும் இருவரும்

கல்யாணம் செய்துகொள்ளத் தீர்மானித்திருக்கும் இலங்கை மலையகத் தோட்டத்துப் பிள்ளைகள், நாள் குறிப்பதற்கு முன்னரோ, வீட்டார் அதற்கு ஒப்பவில்லையென்றால் பதிவு முடிந்த கையோடோ, கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் இரவுத் தபால் ரயிலில், நாம் கோச்சி என்று சொல்வதில், ஒரு முறையாவது சேர்ந்து பயணம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பஸ்ஸில் போனால் நேரத்தோடு போய்விடலாமே என்று கேட்பார்கள். நேரத்தோடு போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத்தான் ரயிலைச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இருவராக உட்கார்ந்து பேச இடம் எங்கே இருக்கிறது? தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இந்தக் காம்பராவில் (அறையில்) இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து கசாயம் வந்துவிடும். கொழும்புக் கடைவீதியான புறக்கோட்டையில் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூட்டத்தோடு படுத்தெழும்பும் பையனுக்கும், இருட்டியதும் கேற் பூட்டப்படும் போர்டிங்கில் இருக்கும் பெண்ணுக்கும் கிடைப்பது கடற்கரையோரக் காலிமுகத்திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அதிலும் பாதி நேரம் தெரிந்த முகம் ஏதும் வருகிறதா என்று பார்ப்பதிலேயே கழிந்துவிடும். யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, தங்கையின் கல்யாணத்தை யார் பொறுப்பேற்பது, கல்யாணத்திற்குப் பிறகு தோட்டத்திலேயே இருப்பதா அல்லது வெளியே துண்டுக் காணி பார்ப்பதா என்பவையெல்லாம் கடலை கொறித்துக்கொண்டே பேசி முடிக்கக்கூடிய விஷயங்கள் அல்ல. இரவு எட்டரை மணியளவில் புறப்படும் கோச்சி பதுளையை அடையும்போது நன்றாக விடிந்திருக்கும். இடையில் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பலாமே தவிர, எழுந்து போய்விட முடியாது.

அந்தப் பாதையே அவசரத்திற்குப் போட்ட பாதையல்ல. ரம்புக்கனையைத் தாண்டியதும் தொடங்கும் கடுகண்ணாவை ஏற்றத்தில் 44 அடி ஓடினால் ஓர் அடி உயர வேண்டும். 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்த தண்டவாளம் பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்டார்களே ஒழிய, நம் சௌகரியத்தை யாரும் நினைக்கவில்லை. இந்தியாவும் இலங்கையும் நம்மவர்களைப் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு, ஒரு குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மறு குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் என்று ஆகி, விரும்பியவர்களில் ஒருவர் தலைமன்னாருக்குப் புறப்பட மற்றவர் மேடையிலேயே நின்றுவிட்ட கதைகளை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட கோச்சியில் இன்று இருவர் அருகருகே அமர்ந்து ஊருக்குத் திரும்புவதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

பயணம் சுகமாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். மின்விளக்கு இரவு முழுவதும் கண்ணில் குத்தும், கழிப்பறையின் நாற்றம் பெட்டியின் பாதி தூரம் வரும், தூக்கி நிறுத்திய ஜன்னல் அடுத்த வளைவிலேயே தடாரென்று விழும். ஒருவருக்குக் காற்று வேண்டும், மற்றவருக்குக் குளிரும்; அந்த ஜன்னல் விஷயத்தில் யார் எப்படி விட்டுக்கொடுக்கிறார் என்பதைச் சாதகப் பொருத்தம் பார்ப்பவர்கள் சொல்லப்போவதில்லை. கடைசியாக ஏறும் வடைக்காரரிடம் வாங்கும் இறால் வடை யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாளில் சுற்றப்பட்டிருக்கும். எண்ணெயில் ஊறிய அந்தப் பெருக்கல் கணக்கு சரியா பிழையா என்று இருவரும் வாதாடுவதிலேயே கம்பளை வந்துவிடும். தூக்கத்தில் ஒருவர் தோளில் மற்றவர் தலை சாய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. அந்தப் பெட்டியில் ஒரு மாமாவோ அக்காவோ "எந்தத் தோட்டம்?" என்று நிச்சயம் கேட்பார். பழி முழுவதும் பெண் தலையில்தான் விழும் என்பதால், போவதா வேண்டாமா என்ற முடிவு அவளுடையதாகவே இருக்க வேண்டும். அவளை வற்புறுத்தி அழைத்துச் செல்பவனுக்காக இந்தப் பதிவை நான் எழுதவில்லை.

பகல் ரயிலில் எல்லவுக்குப் போய், கதவில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டு, ஒன்பது வளைவுப் பாலத்தில் நடப்பதுதான் காதலர் பயணம் என்று இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. எனக்கு அதில் ஈர்ப்பில்லை. இரவில் வெளியே பார்க்க எதுவும் இருக்காது, ஆகையால் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்த்தாக வேண்டும். தவிர, பட்டிப்பொல, ஒஹிய தாண்டி அப்புத்தளைப் பக்கம் வரும்போது விடியத் தொடங்கும், அது போதும்.

மண்சரிவில் பாதை அடைபடும் மாதங்களையும், நிற்கவே இடமில்லாத தீபாவளி வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். முன்பதிவு ஒரு மாதத்திற்கு முன்னர் திறக்கும், திறந்தவுடனே தீர்ந்தும் போகும். முதல் வகுப்பில் இருவர் படுக்கும் அறை உண்டு, வசதியிருப்பவர்கள் அதை எடுக்கலாம். என்றாலும் பேச வேண்டியவர்களுக்கு இரண்டாம் வகுப்பு ஆசனமே மேல், அறை கிடைத்தால் தூங்கிவிடுவீர்கள். சுவெட்டரை மேலே ஏற்றும் பையில் வைக்காமல் மடியில் வைத்திருங்கள். பட்டிப்பொல நிலையம் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. ஒரு போர்வை இருவருக்கும் போதும் என்று கோட்டையில் சொன்னவர்கள் நானுஓயாவுக்கு முன்னரே மனம் மாறிவிடுவார்கள்.