கருத்து கேட்டாச்சு, பதில் எங்கே?

உலகக் கல்விக் கொள்கையை வடிவமைப்பதில் இளைஞர்களின் பங்கு என்று சென்னையில் யாராவது கூட்டம் போட்டால், மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்களாக இருப்பார்கள். இளைஞர்கள் எங்கே என்று தேடினால் வாசலில் நிற்பார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, ஃபைலும் பேனாவும் கொடுப்பது, குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் தீப்பெட்டி தேடி ஓடுவது எல்லாம் அவர்கள் பங்கு. நன்றியுரைக்கு முன்னால் பத்து நிமிஷம் 'இளைஞர் குரல்' என்று ஒரு அங்கம் இருக்கும். மைக்கைக் கையில் கொடுக்கும்போதே காதில் சொல்லிவிடுவார்கள்: "சுருக்கமா முடிச்சிடும்மா, சார் ஃபிளைட் பிடிக்கணும்."

கிண்டல் இருக்கட்டும். இந்த விஷயத்தில் எனக்கு இருப்பது ஒரே ஒரு கோரிக்கை. எங்களைக் கூப்பிட்டுக் கருத்து கேட்டால், அதில் எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அது இல்லாமல் நடக்கும் எந்தக் கலந்தாய்வும், பந்தி முடிந்த பிறகு வந்து பத்திரிகை வைக்கிற கதைதான்.

காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் கிடையாது. 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கிற விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. இந்தியா அதில் 1992-லேயே சேர்ந்துவிட்டது. 2015-ல் நாடுகள் எல்லாம் கூடி 2030-க்குள் எட்ட வேண்டிய 17 இலக்குகளை ஏற்றன. அதில் நான்காவது கல்வி. அதற்கான உலக அளவிலான வழிநடத்தும் குழுவில் இளைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் நாற்காலி இருக்கிறது. யுனெஸ்கோ இதற்கென்றே ஒரு இளைஞர், மாணவர் வலையமைப்பும் வைத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த கல்வி மாற்ற உச்சி மாநாட்டில், பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்து தயாரித்த பிரகடனத்தை ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் கையில் கொடுத்தார்கள். எங்களைப் பயனாளிகளாகப் பார்க்காதீர்கள், முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வையுங்கள் என்பதுதான் அதன் சாரம். படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். அந்தப் பிரகடனத்துக்கு வரிவரியாகப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று எந்த அரசுக்கும் கட்டாயம் கிடையாது. நான் சொல்ல வருவது மொத்தமும் இந்த ஒரு ஓட்டையைப் பற்றித்தான்.

நியூயார்க் தூரம். சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு வருகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் நகரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் இளைஞர் கலந்தாய்வு ஒன்று நடந்தது. யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். பெரும்பாக்கத்திலிருந்து பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணை நான் அழைத்துப் போயிருந்தேன். அவள் குடும்பம் கூவம் கரையில் இருந்தது. வருஷத்துக்கு நடுவில் வீட்டை எடுத்து, பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். பப்ளிக் எக்ஸாம் வருஷம் என்பதால் அவள் பள்ளிக்கூடத்தை மாற்றவில்லை. விடியும் முன்னே கிளம்பி ஊருக்குள் வருவாள்.

ஹாலில் வட்ட மேஜைகள், சார்ட் பேப்பர், மஞ்சள், பச்சை ஒட்டுத்தாள்கள். 'உங்கள் கனவுப் பள்ளி' என்று தலைப்பு. மற்ற பிள்ளைகள் ஸ்மார்ட் போர்டு, ரோபோட்டிக்ஸ் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள் முறை வந்ததும் எழுந்து நின்று சொன்னாள்: "ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு ஆறு மணிக்கு பஸ் ஏறுனா வூட்டுக்கு வர எட்டரை ஆவுது. அதனால எங்கம்மா ஸ்பெஷல் கிளாஸே வேணாம்னு நிறுத்திட்டாங்க. வூடு மாத்துறதா இருந்தா பரீட்சை எல்லாம் முடிஞ்சு மே மாசத்துல மாத்துங்க."

இதைவிடத் தெளிவான கொள்கை ஆலோசனையை நான் எந்த நிபுணர் வாயிலும் கேட்டதில்லை. ஒரே வரி. பைசா செலவு கிடையாது. வீட்டுவசதிக்காரர்களும் கல்வித்துறையும் ஒரு காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பேசினால் போதும். ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள்.

சில மாதம் கழித்து வழவழப்பான தாளில் அறிக்கை வந்தது. அட்டையில் மைக்கோடு அவள் படம். (அந்தப் படத்தைப் போட அவள் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை என்பது தனிக் கதை.) உள்ளே புரட்டினால் டிஜிட்டல் கற்றல், வாழ்க்கைத் திறன், புத்தாக்கம் எல்லாம் இருந்தது. மே மாசத்தைக் காணோம். "அக்கா, நான் சொன்னது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அதற்குள் அடுத்த ஊரில் அடுத்த கலந்தாய்வுக்குப் போயிருந்தார்கள்.

இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு. 2011-ல் நான் பத்தாம் வகுப்பு. மே மாதம் ஆட்சி மாறியது, எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்கிற சமச்சீர் கல்வியை நிறுத்தி வைத்தார்கள். ஜூன் பாதியில் பள்ளி திறந்தது, புத்தகம் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்குமாக ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் கணக்கு நோட்டில் மார்ஜின் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தோம். சார் பொது அறிவு சொல்லிக்கொடுத்தார், ஓவியம் வரையச் சொன்னார், பாவம் அவரும் என்ன செய்வார். ஆகஸ்ட் 9-ம் தேதிதான் உச்ச நீதிமன்றம் சமச்சீர் கல்வியை அமல்படுத்தச் சொன்னது. புத்தகம் வந்தபோது சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கடைசி பெஞ்சில் ஈரத் துணி வைத்து அதை உரித்துப் பார்ப்பதே பெரிய பொழுதுபோக்கு. அரசு வாதாடியது, பெற்றோர் வாதாடினார்கள், தனியார் பள்ளிகள் வாதாடின. புத்தகமே இல்லாமல் உட்கார்ந்திருந்த எங்களிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு 2019-ல் தேசியக் கல்விக் கொள்கை வரைவு வந்தது. 484 பக்கம். முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும். கருத்துச் சொல்ல ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்து, பிறகு ஜூலை 31 வரை நீட்டினார்கள். இங்கே ஆர்வலர்கள் உட்கார்ந்து தமிழில் பெயர்த்துப் பரப்பியதால்தான் நம்மில் பலர் அதைப் படிக்கவே முடிந்தது. பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் அந்த 484 பக்கத்தை என்றைக்குப் படித்து, என்றைக்குக் கருத்து எழுதுவாள்? தேசிய வருமானத்தில் ஆறு சதவீதம் கல்விக்கு என்று கோத்தாரி குழு 1966-ல் சொன்னதை, 2020-ல் இறுதியான கொள்கையும் அப்படியே திரும்பச் சொன்னது. தாத்தா கேட்ட ஆறு, பேத்திக்கும் அதே ஆறு.

மத்திய அரசை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் நியாயமில்லை. நம் மாநிலக் கல்விக் கொள்கைக்கு 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி டி. முருகேசன் தலைமையில் குழு போட்டார்கள். செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த், பாடகர் டி.எம். கிருஷ்ணா, எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன், கல்வியாளர்கள், பேராசிரியர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனந்த் மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. ஆனால் ஒரு மாணவர்? ஒரு கல்லூரிப் பெண்? அப்போதுதான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதிவிட்டு வந்த ஒரு பையன்? கிடையாது. அந்தப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18-ல் வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கொள்கையோடு ரத்தானது. வந்ததும் நல்லதுக்குத்தான் என்றார்கள், போனதும் நல்லதுக்குத்தான் என்கிறார்கள். நடுவில் எழுதியவர்களிடம் கேட்டிருந்தால் அந்தத் தேர்வு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று அழகாகச் சொல்லியிருப்பார்கள்.

"பசங்களுக்கு என்னம்மா கொள்கை பத்தித் தெரியும்?" என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இந்த மாநிலத்தின் மொழிக் கொள்கையை எழுதியதே மாணவர்கள்தான். இந்தித் திணிப்பை எதிர்த்து 1965 ஜனவரியில் தெருவுக்கு வந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். 1967-ல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். 1968 ஜனவரியில் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் வந்தது. அந்த மாணவர்களுக்கு எந்தக் குழுவிலும் நாற்காலி இருக்கவில்லை.

சிலியிலும் இதே கதை. 2006-ல் பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு இறங்கிப் போராடினார்கள். கருநீலமும் வெள்ளையுமான சீருடை என்பதால் 'பென்குயின் புரட்சி' என்று பெயர். சர்வாதிகாரி பினோசெட் காலத்துக் கல்விச் சட்டத்துக்குப் பதிலாக 2009-ல் வேறு சட்டம் வந்தது. 2011-ல் கல்லூரி மாணவர்கள் இறங்கினார்கள். அந்தப் போராட்டத்தில் தலைவராக வளர்ந்த கேப்ரியல் போரிச் 2022-ல் நாட்டின் அதிபரே ஆனார்.

அப்படியென்றால் தெருவே போதுமே, நாற்காலி எதற்கு என்று கேட்கலாம். என் தோழர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1965-க்கு நாம் கொடுத்த விலை உயிர்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் ரோட்டுக்கு வந்து அடி வாங்கினால்தான் காது கேட்கும் என்றால், அந்தக் காதில்தான் கோளாறு. அதோடு, பெரும்பாக்கத்துப் பெண்ணின் மே மாசத்துக்காக மெரினாவில் யாரும் திரண்டு வர மாட்டார்கள். கல்வியில் முக்கால்வாசிப் பிரச்சினை இந்த மாதிரிச் சின்ன அளவில் இருப்பவைதான்.

சரி, நாற்காலி கொடுக்கும் இடத்தில் யாருக்குக் கொடுக்கிறார்கள்? உலக மேடைகளுக்குப் போகிற 'இளைஞர் பிரதிநிதி' பெரும்பாலும் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர், பாஸ்போர்ட் கையில் இருப்பவர், ஒரு வாரம் சம்பளம் போனாலும் வீட்டில் அடுப்பு எரிகிறவர். அவர்கள் மேல் எனக்குக் காழ்ப்பு இல்லை, நல்ல பிள்ளைகள்தான். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்று மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கிற பையனைவிட, பள்ளி எந்த இடத்தில் பிள்ளையைக் கைவிடுகிறது என்று தெரிந்தவர் யார்? அவனை எந்தக் கலந்தாய்விலும் நான் பார்த்ததில்லை. வயதிலும் குழப்பம்தான். ஐ.நா. கணக்குக்கு 15 முதல் 24 வரைதான் இளைஞர். இந்தியாவின் 2014 இளைஞர் கொள்கை 29 வரை கருணை காட்டுகிறது. எனக்கு அதுவும் முடியப்போகிறது, அதற்குள் பேசிவிடலாம் என்றுதான் இவ்வளவு நீளப் பதிவு.

கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. நானும் தன்னார்வலராக இருந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய், சாயந்திரம் ஒன்றரை மணி நேரம், மொட்டை மாடியோ கோயில் திண்ணையோ எது கிடைக்கிறதோ அது. மாநிலம் முழுக்க ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளி மூடியிருந்ததில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டத் தடுமாறியதைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்கள். எந்தப் பாடத்தில் தடுக்குகிறது, எந்த வீட்டில் ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது, யாரைக் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் எல்லாம் எங்களுக்குத் தெரியும். என்னை ஆப்பில் வருகைப்பதிவு போடச் சொன்னார்கள், போட்டோ ஏற்றச் சொன்னார்கள். அடுத்த வருஷப் பாடத்தில் எதைக் குறைக்கலாம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இளைஞர்கள் கல்விக்கு உழைக்கலாம், அதைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் எழுதப்படாத ஏற்பாடு.

வேறு மாதிரி நடக்கவே நடக்காது என்றில்லை. 'கவுன்சில் ஆஃப் யூரோப்' என்ற ஐரோப்பிய நாடுகளின் அமைப்பில் இளைஞர் விவகாரங்களை அரசுப் பிரதிநிதிகளும் இளைஞர் பிரதிநிதிகளும் சரிசமமாக உட்கார்ந்து முடிவு செய்கிற முறை 1970-களிலிருந்து இருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்தில் கேரளாவில் 2022 நவம்பரில் பாடத்திட்டச் சீர்திருத்தத்துக்காக வகுப்பறைகளுக்குள்ளேயே மாணவர்களிடம் விவாதம் நடத்தினார்கள். அவர்கள் சொன்னதில் எவ்வளவு புத்தகத்தில் ஏறியது என்று கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் முதலில் கேட்டார்களே.

நம் ஊரில் இதைத் தொடங்கப் புதுச் சட்டம்கூட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மீதி கால் பங்கைப் பற்றி மத்திய அரசின் 2010 விதிகளில் ஒரு வரி இருக்கிறது: அதில் மூன்றில் ஒரு பங்கு உள்ளூர் கல்வியாளர்கள் அல்லது அந்தப் பள்ளியின் குழந்தைகள், யாரை என்பதைக் குழுவில் உள்ள பெற்றோர் முடிவு செய்யலாம். நான் பார்த்த பள்ளிகளில் எல்லாம் அந்த இடத்தில் யாராவது ஒரு பெரியவர்தான் உட்கார்ந்திருக்கிறார். 2024-ல் நம் மாநிலத்தில் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களைச் சேர்த்தார்கள், நல்ல காரியம். இந்நாள் மாணவர்கள் இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் அந்தக் குழுவில் உட்கார வையுங்கள். அவர்கள் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக, போன மாதம் இவர்கள் கேட்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று தலைமை ஆசிரியர் படிக்க வேண்டும். கழிவறைத் தாழ்ப்பாள் என்றாலும் சரி, சத்துணவில் முட்டை என்றாலும் சரி. இப்படிப் பதில் வாங்கிப் பழகிய பிள்ளை நாளைக்கு நியூயார்க் போனால், பிரகடனத்தைக் கொடுத்துவிட்டுப் படத்துக்குச் சிரித்துவிட்டு வராது, பதில் எந்தத் தேதிக்குள் வரும் என்று கேட்கும்.

இதைப் படிக்கிறவர்களில் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்கள், அப்பாக்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் அந்தக் 'கல்வியாளர்' இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.