பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்

கடந்த ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் சபை ஓய்வுநாள் பள்ளியில், அதாவது சண்டே ஸ்கூலில், என் வகுப்பை ஒப்படைத்துவிட்டேன். 16 வருடம். மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை படிக்கும் பிள்ளைகள். மேட்டுப்பாளையத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. வாரநாளில் குன்னூரில் வேலை, சனி ஞாயிறு அம்மாவோடு என்று ஆனபிறகு வேறு வழியில்லை.

சொன்னதும் சபையில் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆராதனையில் அறிவிப்பு கொடுத்து, பொன்னாடை போர்த்தி, ஜெபித்து அனுப்பலாம் என்றார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? பின்னால் ஹாலில், வகுப்பில். யாரோடு இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தேனோ அவர்களுக்கு விஷயமே தெரியாது. அடுத்த வாரம் வந்து பார்த்தால் வேறு டீச்சர் நிற்பார். எனக்குப் பொன்னாடை வேண்டாம், கடைசி வகுப்பில் நானே அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ஆயர் ஐயா சரி என்றார்.

"பிள்ளைங்கதானே, ரெண்டு வாரத்துல மறந்துடுவாங்க" என்று சிலர் சொன்னார்கள். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

எங்கள் மலைப் பிள்ளைகளுக்குப் பிரிவு புதிதில்லை. என் வகுப்பில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) வருகிறவர்கள். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. அதுவே பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. இப்போது கொழுந்துக் கூலியில் குடும்பம் ஓடாமல் திருப்பூருக்கு இறங்குகிறார்கள். இந்த வாரம் பெஞ்சில் இருந்த பிள்ளை அடுத்த வாரம் இருக்காது. கேட்டால், "அவங்க திருப்பூர் போயிட்டாங்க அக்கா" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும். அந்தப் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் கோடு போடும்போதெல்லாம், அதற்கு ஒரு பாட்டாவது பாடி அனுப்பியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

மலையகத்திலிருந்து, இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிவந்த ரயிலுக்கு "ஒப்பாரிக் கோச்சி" என்றே பெயர். கோச்சி என்றால் அங்கே ரயில். ஏறினவர்களும் ஸ்டேஷனில் நின்றவர்களும் அப்படி அழுதிருக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பாட்டி இதைச் சொல்லிவிட்டு, "அழுதுட்டு வந்ததாலதான் மனசு கொஞ்சமாச்சும் ஆறுச்சு" என்றார். அன்றைக்கே இது எனக்குள் ஊன்றிவிட்டது. சொல்லாமல் போகிறவர்களால் வரும் காயம் தனி.

சம்பளமில்லாத ஊழியம்தானே என்று நாம் இதில் ரொம்பக் கவனமில்லாமல் இருக்கிறோம். டீச்சர் திடீரென்று நின்றுவிடுகிறார், அல்லது கமிட்டி திடீரென்று மாற்றிவிடுகிறது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்க. இன்றைக்கும் அந்த வேலை முடியவில்லை. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் மனப்பாட வேதவசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பார்கள். அவர்களைத் தமிழில் எழுத்துக்கூட்ட வைத்து, ஒரு வருடம் கழித்து பைபிளின் சங்கீதத்தைத் திக்காமல் வாசிக்கக் கேட்பது இருக்கிறதே, அந்தச் சந்தோஷத்துக்காகவே உறைபனிக் காலையிலும் எழுந்து ஓடியிருக்கிறேன்.

"எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று தொடங்கும் 121ஆம் சங்கீதம் சொல்லிக்கொடுத்தபோது ஒரு பையன் கேட்டான். "பர்வதம்னா மலைதானே அக்கா? நாம மலைமேலதானே இருக்கோம், அப்ப எங்க பாக்கணும்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூடிக்கிடந்தது. வாடா, வெளியே போய்ப் பார்ப்போம் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்தக் கேள்வி அளவுக்கு எதுவும் என்னைப் பிடித்து நிறுத்தியதில்லை.

சரி, கடைசி வகுப்பு. என்னிடம் படித்த பெண்தான் புது டீச்சர். மூன்று மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியிருந்தாள், அதனால் பிள்ளைகளுக்கு அவள் அந்நியமில்லை. அம்மாவின் நிலைமையை எளிமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அம்மாவுக்குச் சரியாயிட்டா திரும்பி வருவீங்களா?" என்று ஒரு குட்டி கேட்டாள். வருவேன் என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். "தெரியலைம்மா" என்றேன். அவள் என் சுவெட்டர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவர்களே அம்மாவுக்காக ஜெபித்தார்கள். 121ஐச் சேர்ந்து சொன்னோம். கர்த்தர் காப்பார் என்று சொல்லும் "உன் போக்கையும் உன் வரத்தையும்" என்ற இடத்தில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. அவர்கள் நிறுத்தாமல் சொல்லி முடித்தார்கள்.

எல்லோரும் போனபிறகு அலமாரிச் சாவியைப் புது டீச்சரிடம் கொடுத்தேன். மழைக்காலத்தில் அந்தப் பூட்டு சிக்கும், கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருகணும் என்று காட்டிக்கொடுத்தேன். அவள் இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டாள். நான் மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிவிட்டேன்.