நான் வந்து சேர்ந்த உடனே கிளம்பிடாதீங்கப்பா

மேற்கு வங்கம்-நேபாள எல்லைல இருக்குற சந்தக்பூ மலைக்கு ட்ரெக் போயிட்டு வந்து ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல. முதுகுல 12 கிலோ பை, வழில பிகேபஞ்சாங்ங்கற சின்ன ஊர தாண்டினதும் ஏத்தம் செங்குத்தா நிக்குது, உச்சி 3636 மீட்டர், மூச்சே பத்தல, அங்க போய் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க"ன்னா எப்படிங்க?

வேகமா போறவங்க மேல போய் உக்காந்து, பிஸ்கட் தின்னு, போட்டோ எடுத்து, நான் மூச்சு வாங்க வந்து பையோட பக்கிள கழட்டுறதுக்குள்ள "சரி கிளம்பலாமா"ன்னு எழுந்துடுறாங்க. ரெஸ்ட் ரொம்ப தேவைப்படுற ஆளுக்குத்தான் ரெஸ்டே கிடையாது!

அவங்க வேகத்துக்கு ஏறினா நூறு அடிக்கு ஒரு தடவ நிக்கணும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, தோள்ல பட்டை அறுக்குது. கடைசில வேணும்னே பின்தங்கிட்டேன், இடுப்பு பெல்ட்ட இறுக்கி வெயிட்ட தோள்லேருந்து எறக்கி, மூச்சுக்கு ஒரு எட்டு, அதுவும் சின்ன எட்டு, பேசிக்கிட்டே நடக்க முடியுற வேகம், அவ்ளோதான், முக்கால் மணி நேரம் நிக்காம ஏறினேன்.

கடைசி ஆள் வந்தப்புறம் ஒரு அஞ்சு நிமிஷமாச்சும் உக்காந்திருங்க, பைய எறக்கி வெச்சு தண்ணி குடிக்கட்டும்.