ஜாக்சன் ஹைட்ஸில் விலைக்கு வந்திருக்கும் பழைய வீடு

நியூயார்க்கின் குவீன்ஸில், நான் குடியிருக்கும் ஜாக்சன் ஹைட்ஸில், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய கட்டடம் ஒன்றில் இரண்டு படுக்கையறை வீடு விலைக்கு வந்திருக்கிறது. நண்பர்கள் சிலர் விளம்பரத்தை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார்கள். உயரமான கூரை, ஓக் மரத் தரை, வளைவு வைத்த வாசல்கள் என்று விளம்பரம் முழுக்க உட்புறத்தையே பேசுகிறது. அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால், இந்த வீட்டுக்கு மதிப்பைத் தருபவையும் நாளைக்குத் தலைவலியைத் தரக்கூடியவையும் அதன் சுவர்களுக்கு வெளியேதான் இருக்கின்றன என்பது என் கருத்து.

எட்வர்டு மெக்டூகலின் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நில வணிக நிறுவனம் 1909 முதல் இங்கிருந்த பண்ணை நிலங்களை வாங்கிப் போட்டது. 1917இல் மேம்பாலத் தண்டவாளத்தில் ரயில் வந்ததும் கட்டுமானம் வேகம் பிடித்தது. ஆண்ட்ரூ தாமஸ் வடிவமைத்த ஷாட்டோ, டவர்ஸ் போன்ற குடியிருப்புகளில், கட்டடங்கள் தெருவோரமாக வரிசை கட்டி நிற்க, அவற்றின் முதுகுப்புறத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீண்ட தோட்டம் இருக்கும். நடைபாதையில் போகிறவர் கண்ணில் அது படுவதே அரிது. அந்த அழகுக்கு வேலியும் இருந்தது. யூதர்களும் கறுப்பினத்தவரும் இங்கே வீடு பெற முடியாதபடி அந்நாளில் விலக்கி வைத்திருந்தார்கள். 1965இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் 74ஆம் தெருவில் நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் மளிகைக்கடைகளும் வந்தன. இன்று ரூஸ்வெல்ட் அவென்யூவில் நேபாளிகளின் மோமோவும் கொலம்பியர்களின் ரொட்டிக்கடையும் அருகருகே கிடைக்கின்றன. 7ஆம் எண் ரயிலில் ஏறினால் ஃபிளஷிங். அங்குள்ள போன் (Bowne) தெருப் பிள்ளையார் கோயிலுக்கும் அதன் கேன்டீன் தோசைக்கும் அதுவே வழி. 2020 முதல் 34ஆவது அவென்யூவில் பகல் நேரத்தில் வாகனங்களைக் கட்டுப்படுத்தியிருப்பதால், பள்ளி விட்டதும் பிள்ளைகள் நடுச்சாலையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், ஓக் தரையைவிட இதற்குத்தான் கூடுதல் விலை கொடுக்கலாம்.

அடுத்தது, பலரும் கவனிக்காத விஷயம். இது கோ-ஆப். அதாவது, நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல. கட்டடத்துக்குச் சொந்தமான நிறுவனத்தின் பங்குகளையும், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும். மாதாமாதம் கட்டும் மெயின்டெனன்ஸில் சொத்து வரி, வெப்பமூட்டும் செலவு, பணியாளர் சம்பளம் ஆகியவற்றோடு கட்டடத்தின் பேரில் உள்ள கடனின் தவணையும் அடங்கியிருக்கலாம். உங்கள் வரவு செலவு முழுவதையும் கட்டடத்தை நிர்வகிக்கும் போர்டிடம் ஒப்படைத்து, நேர்காணலுக்கும் போய் உட்கார வேண்டும். அதன் பிறகும் காரணம் சொல்லாமலே அவர்கள் மறுத்துவிடலாம். இனத்தையோ மதத்தையோ பார்த்து மறுப்பது சட்டவிரோதம்தான். ஆனால் காரணமே சொல்லாதபோது அதை எப்படி நிரூபிப்பது? இந்த ஊரின் பழைய வரலாற்றை அறிந்த எனக்கு, இந்த மௌன உரிமையை ஏற்க மனம் வரவில்லை. மறுப்பவர்கள் எழுத்தில் காரணம் தர வேண்டும்.

வீட்டுக்குள் வருவோம். சாந்து பூசிய தடித்த சுவர் பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் குறைக்கும். வைஃபையையும் சேர்த்தே குறைக்கும். குளிர்காலத்தில் ரேடியேட்டர் சீறும், சில இரவுகளில் குழாய்க்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும், அறை வெந்து போய் ஜனவரியிலும் ஜன்னலைத் திறக்க வேண்டிவரும். சமையலறை ஒடுக்கமானது, புகையை வெளியே தள்ளும் விசிறி பெரும்பாலும் இருக்காது. கடுகு தாளித்தால் மாடிப்படி வரை தெரியும் (எங்கள் கட்டடத்தில் இதைப் பற்றிப் புகார் வந்ததில்லை, விசாரிப்புதான் வந்திருக்கிறது).

கட்டடம் 1993இல் அறிவித்த பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதிக்குள் இருந்தால், ஜன்னல் மாற்றக்கூட நகரத்தின் அனுமதி தேவைப்படும். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கரியமில உமிழ்வுக்கு 2024 முதல் வரம்பு வந்திருக்கிறது. 2030இல் அது இன்னும் இறுகும். வரம்புக்குள் நிற்க, கட்டடத்தைச் சூடாக்கும் பழைய பாய்லரை மாற்ற நேர்ந்தால், அந்தச் செலவு கடைசியில் பங்குதாரர் தலையில்தான் விழும்.

ஆகவே, கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இதுதான்: முன்பணம் கொடுப்பதற்கு முன், கட்டடத்தின் கடந்த இரண்டு ஆண்டுக் கணக்கையும் போர்டு கூட்டக் குறிப்புகளையும் உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும். கையிருப்பு நிதி போதுமானதாகவும், பாய்லருக்கு ஒரு திட்டம் எழுத்தில் இருப்பதாகவும் தெரிந்தால், கேட்கும் விலையில் கொஞ்சம் பேரம் பேசி வாங்கிவிடுங்கள். கணக்கைக் காட்டத் தயங்கினால், கூரை எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேண்டாம்.