கெய்ன் அதிகம்னா ப்ரொஜெக்டர் ஸ்கிரீன் நல்லதுங்கறது தப்பு

மேல ஒருத்தர் "சுருட்டுற ஸ்கிரீன் வாங்கறப்ப கெய்ன் நம்பர் மட்டும் பாருங்க, எவ்ளோ அதிகமோ அவ்ளோ நல்லது, 2.4 இருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம்"னு போட்ருக்காரு. அப்படி வாங்கிடாதீங்க பாஸ். ஸ்கிரீன் சொந்தமா வெளிச்சம் எதையும் உண்டாக்காது, விழுற வெளிச்சத்த நேர் எதிர்ல இருக்கவர் பக்கம் எவ்ளோ திருப்புதுங்கறதுதான் கெய்ன். 1.0ன்னா விழுற வெளிச்சத்த எல்லா பக்கமும் சமமா சிதறடிக்கிற வெள்ளைப் பரப்பு, 2.4ன்னா நேர் எதிர்ல இருக்கவருக்கு அதவிட 2.4 மடங்கு பளிச்சுனு தெரியும், ஆனா அந்த எக்ஸ்ட்ரா எல்லாம் ஓரத்துல உக்காந்திருக்கவங்க பங்குலேந்து புடுங்கினது. சோபா ஓரத்துல உக்காந்து பாத்தா படமே டல்லாத் தெரியும், நேரா உக்காந்தாலும் நடுவுல டார்ச் அடிச்ச மாதிரி ஒரு வெளிச்சத் திட்டு. ரூம இருட்டாக்க முடியும்னா 1.0 - 1.1 தாராளமாப் போதும். ப்ரொஜெக்டர் ரொம்ப வெளிச்சம் கம்மி, பாக்கறதும் நேரா ஒருத்தரோ ரெண்டு பேரோன்னா மட்டும் அவர் சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு.

சுருட்டுற ஸ்கிரீன்ல நான் மொதல்ல பாக்கறது துணி விறைப்பா நிக்குதாங்கறதுதான். சாதா மாடல்ல போகப்போக ஓரம் உள்ள சுருண்டு அலை விழும், சப்டைட்டில் வரி பாம்பு மாதிரி நெளியும் (ஒருதடவ கண்ணுல பட்டுச்சுன்னா அப்புறம் படமே ஓடாது). டேப் டென்ஷன் (tab tension) மாடல்ல ரெண்டு பக்கமும் கயிறு ஓடி துணிய வெளிப்பக்கமா இழுத்துப் புடிச்சிருக்கும். அதுவும் சுவர ஒட்டி வைக்கிற அல்ட்ரா ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டர்னா வெளிச்சம் கீழேருந்து ரொம்ப சாய்வா வரும், சின்ன மேடுபள்ளம் கூட அப்படியே காட்டிக்குடுத்துரும், அதுக்கு டென்ஷன் இல்லாத ஸ்கிரீன் வேண்டவே வேண்டாம்.