எழும்பூரில் அளக்கப்பட்ட மூக்குகள்

"மனிதர்களில் மொத்தம் எத்தனை இனம், மிஸ்?" நான் விலங்கியல் கற்பிக்கும் பன்னிரண்டாம் வகுப்பில், பரிணாமப் பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது எளிது. 'அப்படி எதுவும் இல்லை' என்று முடித்துவிடுவது அதைவிட எளிது. இரண்டுமே மாணவர்களைச் சிந்திக்கவிடாது என்பதால் இரண்டையும் நான் செய்வதில்லை.

முதலில் சொல்லையே சோதிக்கச் சொல்கிறேன். தமிழில் 'இனம்' என்பது உயிரினத்தையும் குறிக்கும், தமிழினம் என்னும்போது ஒரு மொழி பேசும் மக்களையும் குறிக்கும், பேச்சில் சில வேளை சாதியையும் குறிக்கும். எதைக் கேட்கிறோம் என்று தெளியவே அரை வகுப்பு ஆகிவிடுகிறது. அந்த நேரம் வீணல்ல.

பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்கிறேன். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தவர். மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண், ஒருவர் எந்த வகையினர் என்று காட்டிவிடும் என அக்கால மானிடவியலாளர் பலர் நம்பினர். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லியோ, மூக்கு அகல அகலச் சமூகப் படிநிலை தாழும் என்றே வாதிட்டார். மூக்கைத் தேர்ந்தெடுத்தது யார், காதை ஏன் அளக்கவில்லை என்று மாணவர்கள் தாங்களாகவே கேட்கத் தொடங்குவது அங்கேதான்.

வேறோர் அளவுகோலை எடுத்தால் கோடுகள் இடம் மாறிவிடும். பி வகை ரத்தமுள்ள மாணவிக்கு, ஏ வகையுள்ள சொந்த அண்ணனின் ரத்தம் சேராது. ஆர்எச் வகையும் (பாசிட்டிவ், நெகட்டிவ்) பொருந்தினால், பி வகையுள்ள கென்ய நாட்டவரின் ரத்தம் சேரும். ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவாக வளைக்கக்கூடிய மரபுவழிப் பண்பான அரிவாள் செல் பண்பு ஆப்பிரிக்கருக்கே உரியது என்று பலர் கருதினர். ஆனால் அது 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடமும் கண்டறியப்பட்டது. அது மலேரியா பரவிய நிலங்களைத் தொடர்கிறதே தவிர, தோலின் நிறத்தை அல்ல. மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருப்பதாக மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972இல் கணக்கிட்டுக் காட்டினார்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "இனமே இல்லையென்றால் என் நிறத்தைச் சொல்லி ஏன் கேலி செய்கிறார்கள்?" என்று கேட்டாள். மரபணுவில் இல்லாத கோட்டை மனிதர்கள் கிழித்தார்கள், அதன் வலி உண்மையானது என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை, எனக்கும்தான். இப்பாடத்துக்கு உயிரியலோடு வரலாற்று ஆசிரியரும் வகுப்பில் நிற்க வேண்டும், தர்ஸ்டனின் அளவுகருவிக்குப் பாடநூலில் ஒரு பக்கமேனும் வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுவருகிறேன்.