150 என்ற எண்ணோடு நிறுத்திவிட வேண்டாம்

ஒருவரால் எத்தனை பேருடன் உறவு வைத்துக்கொள்ள முடியும் என்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். மனித மூளை சுமார் 150 பேருடன்தான் உறவைப் பேண முடியும் என்று பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990களில் சொன்னதோடு அந்தக் கட்டுரை முடிந்துவிடுகிறது. அந்த 150 என்பது குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு மனிதருக்கு நீட்டிய கணக்கு. 2021இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் திரும்பக் கணக்கிட்டபோது, ஒரே எண்ணைச் சொல்ல முடியாத அளவுக்கு வீச்சு விரிந்தது. சரி, எண் எதுவாகவும் இருக்கட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: தெரிந்தவர்களில் யார் நம் நினைவுக்கு வருகிறார்கள்? எட்வர்ட் ஸ்மித், தான்யா மேனன், லீ தாம்சன் மூவரும் 2012இல் இதை ஆராய்ந்தார்கள். வேலை போய்விடும் என்ற அச்சம் வந்ததும், சமூக அந்தஸ்தில் தாழ்ந்த நிலையில் இருப்பதாக உணர்பவர்களின் மனதில் நெருக்கமான சிலரே தோன்றினார்கள். மேல்நிலையில் இருப்பவர்களுக்கோ வட்டம் விரிந்தது. இதைப் படித்தபோது மனம் கனத்தது. உதவி அதிகம் தேவைப்படுபவருக்கே கதவுகள் கண்ணில் படாமல் போகின்றன.

அதோடு அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் காட்டியதைச் சேர்த்துப் பாருங்கள். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த நபரை அடிக்கடி சந்தித்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆட்களே வழிகாட்டினார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்து ஆளிடம்தான் புதுச் செய்தி இருக்கும்.

அதனால், வேலை தேடித் தவிப்பவரிடம் "யாரையாவது கேட்டுப் பாரேன்" என்பதோடு விடாதீர்கள். அவருடைய பழைய வகுப்புத் தோழர்கள், முன்னாள் சக ஊழியர்கள் பெயர்களைக் கூடவே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு அவை தானாக நினைவுக்கு வராது.